உமியிலிருந்து நானோ சிலிக்கான்: மில் முதல் காயின் செல் வரை

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் அறுவடை முடிந்துவிட்டால் அரிசி மில்களின் பின்பக்கம் உமி குவிந்து கிடக்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்திலிருந்து எம்.எஸ்சி. வேதியியலோ இயற்பியலோ படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு இதைவிட நல்ல ப்ராஜெக்ட் பொருள் எனக்குத் தெரியவில்லை. லித்தியம் பேட்டரியின் எதிர்மின்வாய்க்கு வேண்டிய நானோ சிலிக்கானை இந்த உமியிலிருந்தே எடுக்கலாம். 2013-ல் தென் கொரியாவிலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் இரண்டு குழுக்கள் இதைச் செய்து காட்டி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கின்றன. கல்லூரி லேபில் ஒரு ஆசிரியர் கூட இருந்தால் பெரும்பகுதியை நாமும் செய்யலாம். வீட்டில் மட்டும் செய்யக் கூடாது. ஏன் என்று வழியிலேயே தெரியும்.

சிலிக்கான் ஏன்? இப்போதைய பேட்டரிகளில் இருக்கும் கிராஃபைட், கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி மின்னேற்றம்தான் தாங்கும். சிலிக்கான் 3579 வரை தாங்கும். ஆனால் அவ்வளவு லித்தியம் உள்ளே போகும்போது சிலிக்கான் ஏறக்குறைய நான்கு மடங்காக உப்பிவிடும், வெளியே வரும்போது சுருங்கும். பெரிய துகளாக இருந்தால் கோடையில் காய்ந்த வயல் சேறு போல வெடித்துத் தூளாகும். துகளின் குறுக்களவு சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் வெடிக்காது. அந்த அளவு உமிக்குள்ளேயே இருக்கிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்காவை (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது) அத்தனை நுண்ணிய துகளாகத்தான் உமியில் சேர்த்து வைக்கிறது. அதைக் கெடுக்காமல் வெளியே எடுப்பதுதான் நம் வேலை. கெடுப்பது பெரும்பாலும் மிஞ்சிய சூடு. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதை நினைத்துக்கொண்டே படியுங்கள்.

படி 1: உமி வாங்குவது

மில்லில் போய் "அண்ணா, பாய்லர் சாம்பல் வேண்டாம், எரிக்காத உமி கொடுங்க" என்று தெளிவாகக் கேளுங்கள். நெல் அவிக்கும் பாய்லரில் எரிந்த சாம்பல் இலவசமாகவே கிடைக்கும், ஆனால் அங்கே சூட்டுக்குக் கட்டுப்பாடு கிடையாது. சிலிக்கா உருகி ஒட்டி, படிகமாகவும் மாறியிருக்கலாம். தவிடு கலந்திருந்தால் சலித்துவிடுங்கள். 100 கிராம் போதும். எந்த மில், முதல் போகமா இரண்டாம் போகமா, நெல் ரகம் ஜோதியா உமாவா என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.

படி 2: அமிலத்தில் கழுவுவது

உமியைத் தண்ணீரில் அலசி மண் போக்கி, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மணி நேரம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருங்கள். ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுத்துவிடும் கூண்டு), கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு.

பலர் இந்தப் படியைச் சுருக்கப் பார்ப்பார்கள். செய்யாதீர்கள். உமியில் பொட்டாசியம் இருக்கிறது. அது சூட்டில் சிலிக்காவோடு சேர்ந்து அதன் உருகுநிலையைக் குறைத்துவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே கரியையும் அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு எரித்தாலும் சாம்பல் கறுப்பாகவே இருக்கும். அமிலம் பொட்டாசியத்தைக் கரைத்து எடுத்துவிடுகிறது. வடிகட்டிய நீர் நீல லிட்மஸைச் சிவப்பாக்குவது நிற்கும் வரை காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள்.

படி 3: எரிப்பது

காயவைத்த உமியை மஃபிள் ஃபர்னஸில் (லேபில் இருக்கும் மின் உலை) மெதுவாகச் சூடேற்றி, 700 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வையுங்கள். காற்று போக வழி வேண்டும். வெள்ளை வெளேரென்று பொடி வந்தால் சரி. 100 கிராம் உமிக்கு ஏறத்தாழ 15 கிராம் கிடைக்கும். இதன் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் 22 டிகிரி அருகே அகலமான ஒரு மேடு மட்டும் இருக்க வேண்டும். அங்கே கூரான சிகரம் தெரிந்தால் சிலிக்கா படிகமாகிவிட்டது. கல்லூரியில் அந்தக் கருவி இல்லையென்றால் கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் சாயிஃப் என்ற ஆய்வுக் கருவி மையத்தில் கட்டணம் கட்டி எடுக்கலாம்.

படி 4: மெக்னீசியத்தால் ஆக்சிஜனைப் பறிப்பது

முழு வேலையிலும் கவனம் அதிகம் வேண்டிய இடம் இதுதான். ஒரு சிலிக்கா மூலக்கூற்றுக்கு இரண்டு மெக்னீசியம் அணு. அதாவது 1 கிராம் சிலிக்காவுக்கு 0.81 கிராம் மெக்னீசியப் பொடி. இதோடு சிலிக்காவின் எடையைப் போல் பத்து மடங்கு நன்றாக உலர்ந்த சோடியம் குளோரைடு உப்பையும் கலந்து, அலுமினா படகில் (படகு வடிவப் பீங்கான் தட்டு) வைத்து, ஆர்கான் வாயு ஓடும் குழாய் உலையில் 650 டிகிரிக்கு நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றிச் சில மணி நேரம் வையுங்கள்.

உப்பு எதற்கு? இந்த வினை தானே நிறையச் சூட்டைக் கக்கும். உலை 650 காட்டினாலும் கலவைக்குள் அதைவிட மிக அதிகமாகப் போய், பிறந்த சிலிக்கான் அங்கேயே ஒட்டிப் பெருத்துவிடும். உப்பு அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு 801 டிகிரியில் உருகும். இரண்டாவது தடவை உப்பில்லாமல் ஒரு மாதிரியும் செய்து ஒப்பிட்டால், ப்ராஜெக்டுக்கு ஒரு நல்ல அத்தியாயமே கிடைக்கும்.

மெக்னீசியப் பொடி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கார்பன் டைஆக்சைடு அணைப்பானும் உதவாது. உலர்ந்த மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும். முதல் தடவை 1 கிராம் சிலிக்காவுக்கு மேல் எடுக்காதீர்கள்.

குளிர்ந்த பிறகு உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அப்புறம் மெக்னீசியம் ஆக்சைடை நீக்க ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1 கிராம் சிலிக்காவுக்குக் கணக்குப்படி 67 மில்லிலிட்டர் போதும், 100 எடுங்கள். சொட்டுச் சொட்டாக, ஃப்யூம் ஹூடுக்குள். மெக்னீசியம் சிலிசைடு கொஞ்சம் உண்டாகியிருந்தால் அமிலம் பட்டதும் சைலேன் வாயு வரும். அது காற்றில் தானே பொரிந்து எரியும். மிச்சச் சிலிக்காவை நீக்க ஆய்வுக் கட்டுரைகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுத்துவார்கள். புதிதாகச் செய்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். தோலில் பட்டால் எலும்பு வரை போகும் விஷம் அது. சிறிது சிலிக்கா மிஞ்சினால் மிஞ்சட்டும்.

அலசி, வெற்றிட அடுப்பில் உலர்த்தினால் பழுப்புப் பொடி. 1 கிராம் சிலிக்காவுக்கு அதிகபட்சம் 0.47 கிராம். அதைவிடக் கூடுதலாக இருந்தால் ஏதோ சரியாகக் கழுவப்படவில்லை.

படி 5: நானோதானா என்று பார்ப்பது

எக்ஸ்-கதிர்ப் படத்தில் சிலிக்கானுக்கு 28.4, 47.3, 56.1 டிகிரியில் சிகரங்கள் வரும். 42.9-ல் ஒன்று தெரிந்தால் அது மெக்னீசியம் ஆக்சைடு, மறுபடி அமிலத்தில் கழுவுங்கள். சிகரத்தின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டால் படிக அளவு கிடைக்கும். 28.4-ல் உள்ள சிகரம் அரை உயரத்தில் 0.5 டிகிரி அகலம் இருந்தால் சுமார் 16 நானோமீட்டர். அகலத்தை ரேடியனாக மாற்ற மறக்கக் கூடாது, கருவியின் சொந்த அகலத்தையும் கழிக்க வேண்டும்.

படி 6: தாமிரத் தகட்டில் பூசுவது

சிலிக்கான் 60, கார்பன் கறுப்பு 20, சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) பசை 20 என்ற எடை விகிதத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து, தாமிரத் தகட்டில் மெல்லிய படலமாக இழுங்கள். தடித்த பூச்சு முதல் சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுற்றிலேயே உரிந்து வரும். உப்புவதற்குத் துகளுக்குத் துகள் இடம் வேண்டும். உலர்ந்ததும் 12 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டி எடை போடுங்கள். பூசாத தகட்டிலும் அதே அளவில் வெட்டி, அந்த எடையைக் கழியுங்கள். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் ஈரம் அதிகம். வெற்றிட அடுப்பில் ஒரு இரவு முழுக்க வைத்த பிறகே அடுத்த இடத்துக்குக் கொண்டு போங்கள்.

படி 7: செல் கட்டிச் சோதிப்பது

இதற்கு ஆர்கான் நிரப்பிய க்ளவ் பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாமல் கையுறை வழியே வேலை செய்யும் பெட்டி) வேண்டும். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) போன்ற இடத்தில் அனுமதி கேட்டு, வட்டங்களை அங்கே எடுத்துப் போவதுதான் வழி. மின்பகுளியில் உள்ள லித்தியம் உப்பில் தண்ணீர் பட்டால், நாம் தொட வேண்டாம் என்ற அதே ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் செல்லுக்குள்ளேயே பிறக்கும். 20 மில்லிமீட்டர் காயின் செல்லில் (நாணய வடிவப் பேட்டரி) நம் வட்டம், பிரிப்பான், மின்பகுளி, லித்தியம் தகடு, இடைவட்டு, ஸ்பிரிங், மூடி என்று அடுக்கி அழுத்துவார்கள். மின்பகுளியில் எஃப்இசி (ஃபுளூரோஎத்திலீன் கார்பனேட்) சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சிலிக்கானின் மேல் உருவாகும் பாதுகாப்புப் படலம் அதனால் உறுதியாகும்.

வட்டத்தில் 0.6 மில்லிகிராம் சிலிக்கான் இருந்தால் கோட்பாட்டுக் கொள்ளளவு 2.15 மில்லி ஆம்பியர்-மணி. 20 மணி நேரத்தில் நிரம்புமாறு 0.11 மில்லி ஆம்பியர் வையுங்கள், எல்லை 0.01 முதல் 1 வோல்ட். முதல் முறை லித்தியம் ஏறும்போது 0.1 வோல்ட் அருகே நீண்ட சமதளம் தெரிந்தால் உங்கள் படிகச் சிலிக்கான் வேலை செய்கிறது. ஏறிய லித்தியத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்ற சதவீதத்தைக் கொள்ளளவுக்கு முன்னால் எழுதுங்கள். அது மிகவும் குறைவாக இருந்தால் நான்காம் படிக்குப் போய், மிஞ்சிய சிலிக்காவையும் கழுவிய விதத்தையும் பாருங்கள். முதல் சுற்று நன்றாக இருந்து பத்துச் சுற்றுக்குள் விழுந்தால் பூச்சின் தடிமனையும் பசையையும் மாற்றிப் பாருங்கள்.