மும்பையில் வாடகை வீடு பிடிப்பது எப்படி: ரயில், தண்ணீர், பத்திரம்

மும்பைக்கு மாற்றலாகி வருகிற தமிழ்க் குடும்பங்கள் முதலில் கேட்பது, "நம்ம ஆளுங்க எந்த ஏரியால இருக்காங்க?" என்று. கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது இரண்டாவது கேள்வி. ஆபீஸ் எந்த ரயில் லைனில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. இந்த ஊர் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. ஒரே லைனில் 30 கிலோமீட்டர் போய்வருவது பழகிவிடும். தாதரிலோ குர்லாவிலோ இறங்கி, படியேறி, வேறு லைனுக்கு மாறித் தினமும் போவது ஆறு மாதத்தில் ஆளை உருக்கிவிடும்.

முக்கிய லைன்கள் நான்கு. சர்ச்கேட்டிலிருந்து பாந்த்ரா, அந்தேரி, போரிவலி, விரார் பக்கம் போவது வெஸ்டர்ன். சிஎஸ்எம்டியிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) தாதர், காட்கோபர், முலுண்ட், தானே, டோம்பிவிலி, கல்யாண் போவது சென்ட்ரல். சிஎஸ்எம்டியிலிருந்து வடாலா வழியாகச் செம்பூர், வாஷி, நெருல், பன்வேல் போவது ஹார்பர்; வடாலாவில் பிரியும் கிளை ஒன்று கோரேகாவ் வரை போகிறது. தானேயிலிருந்து ஐரோலி, கன்சோலி வழியாக நவி மும்பை போவது டிரான்ஸ் ஹார்பர். ஐரோலி ஐடி பார்க்கில் வேலை கிடைத்தவர் மாட்டுங்காவில் வீடு தேடுவது வீண் சிரமம். தானே, ஐரோலி, நெருல் மூன்றில் ஒன்றைப் பார்க்கட்டும். குறுக்குவாட்டுப் பயணத்துக்கு வெர்சோவா–காட்கோபர் மெட்ரோ 2014 முதல் ஓடுகிறது. காட்கோபரில் இருந்துகொண்டு அந்தேரியில் வேலை பார்ப்பது அதனால்தான் முடிகிறது. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை என்றால் ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ 3-இன் ஸ்டேஷன்களையும் கணக்கில் சேருங்கள்.

பாஸ்ட் ரயில் நிற்கும் ஸ்டேஷனா என்று பார்ப்பது முக்கியம். தாதர், குர்லா, காட்கோபர், தானே, டோம்பிவிலி, கல்யாண் எல்லாவற்றிலும் பாஸ்ட் நிற்கும். மாட்டுங்காவிலும் சயானிலும் ஸ்லோ மட்டும்தான். ஆனால் நின்றால் போதாது, ஏற முடியவேண்டும். சிஎஸ்எம்டியிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டோம்பிவிலியில் காலை எட்டு மணிக்கு வரும் பாஸ்ட் ரயில் கல்யாணிலேயே நிரம்பித்தான் வரும். அங்கே வீடு பார்ப்பவர்கள், அந்த ஸ்டேஷனிலேயே புறப்படும் லோக்கல் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலைநாளில், ஆபீஸ் நேரத்தில், வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்த கணக்கு உதவாது. கூட்டம் இருக்காது, பராமரிப்புக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் வேறு இருக்கும்.

இன்னொன்று, ஊருக்குப் புதியவர்களுக்குத் தெரியாதது: ஆட்டோ சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே ஓடாது. மாட்டுங்கா, வடாலா, தாதரில் டாக்சியோ பஸ்ஸோதான். செம்பூர், முலுண்ட், தானேயில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ உண்டு. "ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம்" என்று புரோக்கர் சொன்னால், நடந்தா, ஆட்டோவிலா, ஈஸ்டா, வெஸ்டா என்று கேளுங்கள். ஈஸ்ட்டிலிருந்து வெஸ்ட்டுக்குப் பாலம் ஏறி இறங்குவதே தனிப் பயணம்.

நம்ம ஆளுங்க இருக்கும் இடங்கள்

1896 பிளேக்குக்குப் பிறகு அமைக்கப்பட்ட பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டமிட்டுக் கட்டிய பகுதி மாட்டுங்கா. அகலத் தெரு, மரங்கள், மூன்று நான்கு மாடிப் பழைய கட்டடங்கள் எல்லாம் அந்தக் காலத்துப் புண்ணியம். வாழையிலை, முருங்கைக்காய், பில்டர் காபித்தூள், கோயில், எஸ்ஐஇஎஸ் பள்ளி எல்லாமே நடக்கும் தூரம். சண்முகானந்தா ஹால் பக்கத்திலேயே. ஆனால் வாடகை கூடுதல். கட்டடங்கள் பல பழசு. பகடி வீடுகள் நிறைய. பகடி வீட்டில் இருப்பவர் உரிமையாளர் அல்ல, பழைய வாடகைதாரர். கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவர் உங்களுக்கு உள்வாடகை விட்டால், நாளை உங்கள் பத்திரத்துக்கு மதிப்பில்லை.

செம்பூரில் அதே வசதிகள் கொஞ்சம் குறைந்த செலவில் கிடைக்கும். ஸ்டேஷனைச் சுற்றிய பகுதி நல்லது. மாகுல் பக்கம் போகப்போக ரிபைனரி வாசனை. கோவண்டி, தேவ்னார் பக்கம் குப்பைமேட்டுப் புகை. மாலையில் போய் நின்று பாருங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். விக்ரோலி, காஞ்சூர்மார்கிலும் இதே சோதனை தேவை. நடுத்தரக் குடும்பத்துக்கு முலுண்டும் டோம்பிவிலி ஈஸ்டும் கட்டுப்படியாகும். நெருலும் வாஷியும் அரசு நிறுவனமான சிட்கோ திட்டமிட்ட நகரங்கள். ஸ்டேஷன் பெரிது, தெரு நேர். தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளும் அந்தப் பக்கம் உண்டு.

மாட்டுங்கா, காட்கோபர், முலுண்டில் சில சொசைட்டிகள் (கட்டடத்தை நடத்தும் குடியிருப்போர் சங்கங்கள்) சைவம் சாப்பிடுகிறவர்களைத்தான் எதிர்பார்க்கும். கல்யாணமாகாதவர்களுக்கு வீடு தர மறுப்பதும் உண்டு. இது நியாயமில்லை. ஆனாலும் டோக்கன் (வீட்டைப் பிடித்து வைக்கும் முன்பணம்) கொடுத்த பிறகு தெரிய வருவதைவிட, முதல் போனிலேயே கேட்டுவிடுவது உங்கள் பணத்துக்கு நல்லது.

வீட்டுக்குள் போனதும்

முதலில் தண்ணீர். மும்பையில் மாநகராட்சித் தண்ணீர் நாள் முழுக்க வராது. ஏரியாவுக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட நேரம் வரும், சொசைட்டியின் கீழ்த்தொட்டியில் விழும், மோட்டார் மேலே ஏற்றும். அதன் பிறகு சொசைட்டி வால்வைத் திறக்கும் நேரத்தில்தான் உங்கள் குழாயில் வரும். அதனால்தான் பாத்ரூம் பரணில் லாப்ட் டேங்க் இருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான பொது அளவு; நான்கு பேருக்கு 540 லிட்டர். 200 லிட்டர் டேங்க் வைத்துக்கொண்டு காலை ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் கட்டடத்தில் குடியேறினால் பக்கெட் வாழ்க்கைதான். ஓனரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு வால்வு, எத்தனை மணி நேரம், மே மாதத்தில் டேங்கர் வந்ததா, டேங்கர் காசு யார் கொடுத்தார்கள். கார்கர், பன்வேல், தானேயின் கோட்பந்தர் ரோடு பக்கம் இந்தக் கேள்வி கட்டாயம்.

அடுத்து ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் மழை, மேற்கு, தெற்குச் சுவர்களைத்தான் தாக்கும். அந்தச் சுவர்களில் அலமாரி இருந்தால் நகர்த்தச் சொல்லிப் பின்னால் பாருங்கள். உள்ளங்கையை வைத்தால் சில்லென்று ஒட்டுகிறதா, பெயின்ட் உப்பிக் கொப்பளித்திருக்கிறதா, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டிச் சுவர் 'டக் டக்' என்னும். பூச்சு கழன்ற இடம் 'பொத் பொத்' என்று வெற்றாக ஒலிக்கும். நான்கு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கேதான் முதலில் தட்ட வேண்டும். கடைசி மாடி என்றால் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டிருக்கிறார்களா என்று ஏறிப் பாருங்கள்.

பாத்ரூம் கூரையையும் பால்கனியின் அடிப்பாகத்தையும் பார்க்காமல் வராதீர்கள். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, கம்பியைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்துக் கட்டிகட்டியாக விழும். கம்பி வெளியே தெரிந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குழந்தைகளோடு அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். 30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டட உறுதிச் சோதனை, சட்டப்படி வேண்டும். சொசைட்டி செயலாளரிடம் கேளுங்கள்: ஆடிட் எப்போது நடந்தது, எந்த வகை வந்தது? சி-1 என்றால் காலி செய்து இடிக்க வேண்டிய கட்டடம். ரீடெவலப்மென்ட் (இடித்துப் புதிதாகக் கட்டுவது) பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பில்டரோடு ஒப்பந்தம் முடிந்திருந்தால் உங்கள் 11 மாத வாடகை ஒப்பந்தம்கூட முழுதாக ஓடாது.

மழைத்தண்ணீர் தேங்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே: ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், சயான், குர்லா, மிலன் சப்வே, அந்தேரி சப்வே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததும், மிட்டி ஆறு ஏறியதும் இந்த ஊர் மறக்காதது. கனமழையும் 4.5 மீட்டருக்கு மேலான கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் வடிகால் நீர் கடலில் இறங்க வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். தரைத்தளம் என்றால் கீழ்க்கடைக்காரரிடம் "போன மழைக்கு எது வரை வந்தது?" என்று கேளுங்கள், ஷட்டரில் கோட்டைத் தொட்டுக் காட்டுவார்.

பரப்பளவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். "650 சதுர அடி" என்பது படிக்கட்டு, லாபி எல்லாம் சேர்த்த சூப்பர் பில்ட்அப் கணக்காக இருக்கலாம். நீங்கள் குடியிருப்பது கார்பெட் ஏரியாவில், அதாவது சுவர்களுக்குள் இருக்கும் தரையில். கட்டில், பீரோவின் அளவையும் கையில் வைத்திருங்கள். பழைய கட்டட லிப்டில் ஆறடி பீரோ நுழையாது.

பணக் கணக்கு

டெபாசிட் இரண்டு மூன்று மாத வாடகையிலிருந்து ஆறு மாதம் வரை போகும். 11 மாதத்துக்குப் புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. புதுப்பிக்கும்போதும் கேட்பார்கள், "ரினியூவலுக்குக் கமிஷன் கிடையாது" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மாத வாடகை 30,000, டெபாசிட் 1,50,000 என்றால் கையில் குறைந்தது 2,15,000 ரூபாய் இருக்கவேண்டும்: முதல் மாத வாடகை, டெபாசிட், கமிஷன் 30,000, பதிவுச் செலவு. டெம்போ வாடகையும் சொசைட்டி கேட்கும் ஷிப்டிங் சார்ஜும் தனி. டோக்கன் கொடுத்தால், "சொசைட்டி மறுத்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி வாட்ஸப்பிலாவது எழுதி வாங்குங்கள். வீட்டையே பார்க்காமல் கியூஆர் அனுப்பிப் பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

"ஹெவி டெபாசிட்" என்றொரு வழக்கமும் உண்டு: பல லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் வாடகை கிடையாது, அல்லது மிகக் குறைவு. நம்மூர் போக்கியம் மாதிரி. வீடு வங்கிக் கடனில் மூழ்கியிருந்தால் அந்தப் பணம் திரும்புவது கஷ்டம். முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

பத்திரம்

ஊரில் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைப்பது போல் இங்கே கூடாது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 55-ஆம் பிரிவுப்படி லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் (இங்கே வழக்கமான வாடகைப் பத்திரம்) எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் ஆகவேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு ஓனருடையது. பதியாமல் தகராறு வந்தால், நிபந்தனைகள் பற்றி வாடகைக்கு இருப்பவர் சொல்வதைத்தான் சட்டம் ஏற்கும், தவறென்று நிரூபிக்கும் வரை. "பதிவெல்லாம் எதுக்கு, நோட்டரி போதும்" என்று சொல்லும் ஓனரிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள்.

முத்திரைக் கட்டணம் 0.25 சதவீதம். மொத்த வாடகையோடு, டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 3,30,000-உம் 13,750-உம் சேர்த்து 3,43,750, அதில் 0.25 சதவீதம் சுமார் 860 ரூபாய். மாநகராட்சி எல்லைக்குள் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். ஏஜென்ட் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வருவார். இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் ஆதாரோடு இருந்தால் அரை மணி வேலை. அவர் 5,000 கேட்டால் மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். வெயிலில் காய்ந்த விரலில், அல்லது வயதானவர்களுக்கு, ரேகை விழாமல் போவதுண்டு. விரலைக் கழுவித் துடைத்து மறுபடி வையுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஓனரின் ஷேர் சர்டிபிகேட் (சொசைட்டி தரும் உறுப்பினர் சான்று), கடைசி மெயின்டெனன்ஸ் ரசீது, கரன்ட் பில் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் வரவேண்டும்: மெயின்டெனன்ஸும் நான்-ஆக்குபன்சி சார்ஜும் (ஓனர் வீட்டை வாடகைக்கு விட்டால் சொசைட்டி வாங்குவது) ஓனர் பொறுப்பு, லாக்-இன் (இடையில் காலி செய்ய முடியாத காலம்) எத்தனை மாதம், அது இருவருக்கும் பொருந்துமா, நோட்டீஸ் ஒரு மாதம், டெபாசிட் சாவி கொடுக்கும் அன்றே திரும்ப வேண்டும், பெயின்ட் செலவு என்று எதுவும் பிடிக்கக் கூடாது, மழைக்கசிவை ஓனர் சரிசெய்ய வேண்டும். கடைசி வரியைப் பலர் விட்டுவிட்டு ஜூலையில் வருந்துகிறார்கள். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் 2 சதவீத வரி பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

பதிவானதும் இன்டெக்ஸ் டூ (பதிவின் சுருக்கச் சான்று) நகலை வாங்கி, போலீஸ் வெரிபிகேஷனை ஆன்லைனில் முடித்து, இரண்டையும் சொசைட்டி ஆபீசில் கொடுங்கள். சாமான் ஏற்றும் டெம்போவைக் கேட்டுக்குள் விட இதைத்தான் கேட்பார்கள். பல சொசைட்டிகளில் ஞாயிறு மதியம் ஷிப்டிங் கூடாது, முன்கூட்டியே நேரம் கேட்டு வையுங்கள்.

சாவி வாங்கும் அன்று கரன்ட் மீட்டரைப் போட்டோ எடுங்கள். கரன்ட் கொடுப்பது சயான், மாகிம் வரை பெஸ்ட் நிறுவனம். புறநகரில் பெரும்பாலும் அதானி அல்லது டாடா. முலுண்ட், தானே, நவி மும்பை, டோம்பிவிலியில் மாநில அரசின் மகாவிதரண். பழைய பாக்கி இருந்தால் முதல் பில்லில் உங்கள் தலையில் விழும். குழாய் கேஸ் மீட்டரையும் அப்படியே. பிறகு ஒவ்வொரு சுவரையும், குழாயையும், ஜன்னல் கிரில்லையும் வீடியோ எடுத்து, அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது டெபாசிட்டில் எது பிடிக்கலாம், எது பிடிக்கக் கூடாது என்ற பேச்சில் அந்த வீடியோதான் உங்கள் சாட்சி.