டிரைவர் பேட்ச் அனுப்பும் முன்

மொரீஷியஸில் எபென் சைபர்சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதிப் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு.

பேட்சை, அதாவது நீங்கள் செய்த நிரல் மாற்றத்தை, அனுப்பும் முன், நிரல் நடையைச் சோதிக்கக் கெர்னலோடு வரும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை 'ஸ்ட்ரிக்ட்' தெரிவுடன் ஓட்டுங்கள். வரித் தொடக்கத்தில் டேப்தான் வேண்டும், அகலம் 8 எழுத்து. வரி நீளம் 80 எழுத்துக்குள் இருப்பது நல்லது; 2020 முதல் செக்பேட்ச் 100-ஐத் தாண்டினால்தான் முணுமுணுக்கிறது.

அதற்காக நீளமான பிழைச் செய்தியை உடைத்துவிடாதீர்கள். 'ரீசெட்' ஒரு வரியிலும் 'டைம்டு அவுட்' அடுத்த வரியிலும் கிடந்தால், லாகில் கண்ட செய்தியை அப்படியே கிரெப் என்ற தேடல் கருவியால் நிரலில் தேடுபவருக்கு எதுவும் அகப்படாது. மேற்கோள் குறிக்குள் இருப்பது ஒரே வரியில் இருக்கட்டும், எவ்வளவு நீண்டாலும் சரி.

பிறர் பேட்சைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது வேறு: பிழைத் திருத்தத்தோடு இடைவெளித் திருத்தமும் கலந்திருக்கிறதா? கலந்திருந்தால் தனித்தனி பேட்சாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எந்த வரி உண்மையில் டிரைவரின் போக்கை மாற்றுகிறது என்பது அப்போதுதான் தெரியும். பழைய டிரைவர்களை வெறும் அழகுக்காகத் திருத்துவதைப் பல பராமரிப்பாளர்கள் விரும்புவதில்லை. கைபழக, இன்னும் பக்குவப்படாத டிரைவர்களை வைத்திருக்கும் ஸ்டேஜிங் பகுதி இருக்கிறது.

நெட்வொர்க் டிரைவர் என்றால், ஃபங்ஷனின் தொடக்கத்தில் மாறிகளை நீண்ட வரியிலிருந்து குட்டை வரிக்கு இறங்குமாறு அறிவிக்க வேண்டும். எனக்கு இது வீண் வேலையாகத்தான் படுகிறது. ஆனாலும் நெட்வொர்க் பகுதியின் பராமரிப்பாளர்கள் கேட்பார்கள்.