தினசரி ஓட்டத்துக்கு ஸ்கூட்டரே போதும்

வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிற யாராவது கார் வாங்கலாமா என்று கேட்டால், முதலில் ஒரு 110 சிசி ஸ்கூட்டரை ஓட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டாம், அதனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போனாலும் இடது கை வலிக்காது. பெட்ரோலும் கையைக் கடிக்காது, ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் அரை லிட்டர்தான் ஆகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கால் வைக்கிற அந்தத் தட்டையான இடம். வேலை முடிந்து வரும்போது கொக்கியில் காய்கறிப் பையை மாட்டி, அதன் மேல் கொத்தமல்லிக் கட்டு எட்டிப் பார்க்க, கீழே அரிசிப் பையையும் வைத்து ஒரே நடையில் வீடு சேர்ந்துவிடலாம்.

சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டு வையுங்கள், ஆனால் தயிர் பாக்கெட்டும் மல்லிகைப்பூவும் வேண்டாம், இன்ஜின் சூடு ஏறும். அப்புறம், சக்கரம் சின்னது என்பதால் பள்ளத்தில் தூக்கிப் போடும். மெதுவாக இறக்குங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்றைப் பாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், பக்கத்துத் தெருதானே என்று விடாதீர்கள்.