ஊதுலை பார்க்கப் போனால், தாதுவின் பின்னாலேயே நடங்கள்

பவுண்டரியில் 26 வருஷம் குப்போலா, அதாவது இரும்பை உருக்கி வார்ப்புக்குத் தருகிற உலை, பக்கம் நின்றவன் நான். தாதுவிலிருந்து இரும்பு எடுக்கிற ஊதுலையும் அதே வேலைதானே, கொஞ்சம் பெரிசாக இருக்கும், அவ்வளவுதான் என்ற நினைப்போடுதான் ஜெர்மனியின் ஃபோல்க்லிங்கன் பழைய இரும்பாலைக்குப் போனேன். ஆறு ஊதுலைகள் வரிசையாக நிற்கின்றன. அண்ணாந்து பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

பக்கத்து நகரமான சார்ப்ரூக்கனிலிருந்து ரயிலில் சுமார் பத்து நிமிஷம். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் நடக்கிற தூரம்தான். முதல் உலையை 1883-இல் பற்றவைத்தார்கள். 1986-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உள்ளே போனதும் எல்லோரும் உலையைத் தேடி ஓடுகிறார்கள். நீங்கள் ஓடாதீர்கள். தாதுவைக் குவித்து வைத்த கொட்டகையிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து தாது போன வழியிலேயே போனால், எந்தக் குழாய் எதற்கு என்று தானாகப் புரியும். குப்போலாவில் ஏற்கெனவே இரும்பாக இருப்பதைத்தான் உருக்குகிறோம். இங்கே கல்லாக வந்த தாதுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து இரும்பை எடுத்திருக்கிறார்கள். கல்கரி (நிலக்கரியைச் சுட்டு எடுக்கிற எரிபொருள்), தாது, சுண்ணாம்புக்கல் மூன்றையும் தொங்கு ரயில் வண்டிகள் மேலே ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றன.

அவற்றை உலைக்குள் கொட்டிய மேல்தளம் 27 மீட்டர் உயரம். ஏறுவதற்கு முன் ஹெல்மெட் தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். ஷூ தட்டையாக இருக்கட்டும். மேலே நின்று உலையின் வாயைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அங்கே கசிந்தது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு, அதற்கு வாசனை கிடையாது. அதன் நடுவே வண்டியைத் தள்ளிக் கொட்டியவர்கள் இருந்தார்கள். தெம்பிருந்தால் 45 மீட்டர் வரை ஏறலாம். எனக்கு 27 போதும்.

கீழே இறங்கி ஊதுகாற்றுக் கூடத்துக்குப் போங்கள். அவசரம் வேண்டாம், ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். நம் கொல்லன் பட்டறைத் துருத்தி செய்கிற வேலைதான், ஆனால் இங்கே ஆளைவிடப் பெரிய சக்கரங்கள். வேடிக்கை என்னவென்றால், உலை கக்கிய புகைவாயுவையே சுத்தம் செய்து, அதை எரித்துத்தான் இந்த இயந்திரங்களை ஓட்டியிருக்கிறார்கள். உலை தனக்கு வேண்டிய காற்றைத் தானே ஊதிக்கொண்ட மாதிரி. எங்கள் முதலாளிக்குத் தெரிந்திருந்தால் கரண்ட் பில்லைக் காட்டி எங்களைத் திட்டியிருக்கமாட்டார்.

தாதுத்தூளைச் சுட்டுக் கட்டியாக்கிய கூடத்தில் துருப்பிடித்த பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மெல்லிய குரலில் பெயர்கள் ஒலித்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இங்கே கட்டாய வேலை செய்தவர்கள் 12,000 பேருக்கு மேல். அந்த இடத்தில் செல்போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கல்கரி அடுப்புப் பக்கம். ஒரு காலத்தில் ஆலையிலேயே அழுக்கான மூலை அது. இப்போது மரமும் புதருமாக மண்டிக் கிடக்கிறது, 'பாரடைஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நான் முக்கால் மணி உட்கார்ந்திருந்தேன், அதில் பாதி முழங்கால் வலியால்.