வீட்டுத் தக்காளியில் சாஸ்: தண்ணி பிரியாமல், தோலும் வீணாகாமல்

வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில் இருக்கிற பதினெட்டுத் தக்காளிச் செடியும் போன பங்குனியில் ஒட்டுக்காப் பழுத்துவிட்டது. கிணத்துக்கடவு சந்தையில் விலை கிடந்த கிடைக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகைகூடத் தேறாது. ஒறம்பரைக்கெல்லாம் கொடுத்தாச்சு, தொக்கும் கிண்டியாச்சு, அப்புறமும் அஞ்சு கிலோ மிச்சம். அதில்தான் முதல்முறை சாஸ் போட்டேன். வட்டலில் ஊற்றினால் நடுவில் சிவப்புக் கட்டி, சுற்றிலும் தண்ணி. தொட்டு நக்கிப் பார்த்த அம்முச்சி, "ஏங்கண்ணு, இது சாஸா, ரசமா?" என்றாள்.

நாலாவது தடவை சரியாக வந்தது. 5 கிலோ பழத்துக்கு என் அளவு: சர்க்கரை 250 கிராம், உப்பு 2 மேசைக்கரண்டி, வினிகர் 100 மில்லி, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், வரமிளகாய் ஆறு. பட்டை, கிராம்பு, மிளகு கொஞ்சம் எடுத்துத் துணியில் முடிந்துக்குங்க.

என் செடிகள் பி.கே.எம். 1 என்கிற ரகம். சாறு அதிகம், புளிப்பும் அதிகம். பெங்களூர் தக்காளி சீக்கிரம் கெட்டிப்படும், ஆனால் ருசி நாட்டுத் தக்காளிக்குத்தான். நன்றாகச் சிவந்த பழமாக எடுங்க.

இனி நான் சறுக்கிய இடம். அஞ்சு கிலோவையும் நறுக்கிப் போசியில் போட்டுவிட்டு, ஸ்கூல் வேனில் வருகிற பிள்ளையைக் கூட்டிவரப் போய்விட்டேன். வந்து அடுப்பு பற்றவைக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தக்காளிச் சாற்றைக் கெட்டியாகப் பிடித்து வைப்பது பெக்டின். பழத்தை வெட்டினதுமே அதிலிருக்கிற நொதிகள் பெக்டினை உடைக்க ஆரம்பித்துவிடும். நல்ல சூடு பட்டால்தான் அடங்கும். வெட்டி ஊறவைத்த பழத்தை எவ்வளவு நேரம் கிண்டினாலும் தண்ணி விடுவது இதனால்தான்.

அதனால் அரைக் கிலோவை மட்டும் நாலாக வெட்டி, உடனே சட்டியில் போட்டுப் பெரிய தீயில் மத்தால் மசிங்க. தளதளவென்று கொதி வந்ததும், அடுப்பு பக்கத்திலேயே நின்று அடுத்த பழத்தை வெட்டிப் போடுங்க. கொதி அடங்கினால் கத்தியைக் கீழே வையுங்க. திரும்பக் கொதித்த பிறகு அடுத்தது. இப்படி அஞ்சு கிலோ முடிய எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

மத்து என்றால் கீரை கடைகிற மர மத்துதான். அதைவிட நல்ல சாமான் இந்த வேலைக்கு இல்லை. இரும்பு வடச்சட்டியில் புளிப்பு ஏறிக் கறுத்துப்போகும், சிலுவர் (அலுமினியம்) சட்டியும் வேண்டாம். அடி கனமான எவர்சில்வர் போதும்.

வெங்காயம், பூண்டு, மிளகாயையும் போட்டு இருபது நிமிஷம் வேகவிட்டு, ரவை சல்லடையில் கரண்டி முதுகால் தேய்த்து வடியுங்க. மாவு சல்லடை அடைத்துக்கொள்ளும். வடித்த சாற்றில் மசாலா முடிச்சையும் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையையும் போட்டு, மூன்றில் ஒரு பங்காகும் வரை சுண்டவிடுங்க. கடைசி அரைமணி நேரம் குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும், நீளக் கரண்டி வேணும்.

பதம் பார்க்க, வட்டலில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் கழித்துச் சாய்த்துப் பாருங்க. ஓரத்தில் நீர் வளையம் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. பதம் வந்ததும் முடிச்சை எடுத்துவிட்டு, மீதிச் சர்க்கரை, உப்பு, கடைசியாக வினிகர். முன்னாலேயே வினிகர் ஊற்றினால் ஆவியோடு போய்விடும். ஒருதடவை கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டேன். ருசி பிரமாதம், நிறம் செங்கல். பிள்ளைகள் தொடவே இல்லை.

கண்ணாடி பாட்டிலைத் தண்ணியில் கொதிக்க வைத்துக் காயவிட்டு, அதில் சாஸை ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்க. வேறு பதப்படுத்தும் மருந்து எதுவும் சேர்க்காததால் நாங்கள் ஒன்றரை மாசத்துக்குள் காலி செய்துவிடுவோம்.

சல்லடையில் தங்கின தோலும் விதையும் முக்கால் கிலோவாவது இருக்கும். கொட்டிவிடாதீங்க. ரெண்டு கைப்பிடியைக் கொள்ளு வேகவைத்த தண்ணியில் கொதிக்கவிட்டு வடித்து ரசம் வைத்தால் புளி பாதி போதும். கொஞ்சத்தைத் தேங்காயோடு வதக்கி அரைத்தால் துவையல், அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தொட்டுக்க ஆகும். மிச்சத்தை மொட்டை மாடியில் கலகலவென்று காயவைத்துப் பொடித்து வைத்துக்குங்க. ஆனியில் காயப்போட்டால் மேலே வேட்டித் துணியைக் கட்டுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என் தோலையெல்லாம் பக்கத்துத் தோப்புக்குக் கொண்டுபோய்விட்டது. காம்பும் இலையும் மட்டும் குப்பைக்குழிக்கு, மாட்டுக்குப் போடாதீங்க.

பிற்சேர்க்கை: வடிக்காமல் எல்லாத்தையும் மிக்ஸியில் அடித்தால் என்ன என்று ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. விதை உடைந்து கசக்கும், காற்று புகுந்து நிறமும் வெளிறும். இன்னொருத்தர் சல்லடையில் தங்கின விதையை நாற்று விட்டு முளைக்கவில்லை என்று எழுதியிருந்தார். வெந்த விதை எப்படிங்க முளைக்கும்? அடுப்பில் போடும் முன்பே ரெண்டு நல்ல பழத்தைத் தனியாக எடுத்து, விதையை அதன் வழுவழுப்போடு கிண்ணத்தில் ரெண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி நிழலில் உலர்த்துங்க. பி.கே.எம். 1 மாதிரி ரகத்துக்குத்தான் இது சரிப்படும். ஹைபிரிட் விதையை எடுத்துப் போட்டால் தாய்ச் செடி மாதிரியே காய்க்காது.