அடுத்த கன்சோல் டிஸ்க்கா, டிஜிட்டலா? சேலத்திலும் ஏற்காட்டிலும் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறோம். சேலம் பக்கம் இருப்பவர்கள் டிஸ்க் டிரைவ் உள்ள வீடியோ கேம் கன்சோலையோ, பிறகு டிரைவ் மாட்டிக்கொள்ள வழியுள்ள கன்சோலையோ வாங்குவதுதான் நல்லது. அதே சமயம், பெட்டிக்குள் டிஸ்க் இருந்தாலே கேமும் அதற்குள் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இன்று ஏமாற்றம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) டிஸ்க் ஒன்றில் 100 ஜிபி வரை எழுதலாம். அப்படியிருந்தும் 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பிதான். மீதியெல்லாம் டவுன்லோட். ஜூன் 2025-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் இதற்கென்றே 'கேம்-கீ கார்டு' என ஒரு வகை உண்டு. கார்டில் கேம் இருக்காது, டவுன்லோட் செய்யும் உரிமை மட்டும் இருக்கும். முதல் முறை திறக்க நெட் வேண்டும், அதன்பிறகும் விளையாடும்போதெல்லாம் கார்டு உள்ளே இருக்க வேண்டும். வேறொருவருக்கு விற்கலாம் என்பது ஒரு நல்ல அம்சம். ஆனால் டவுன்லோட் தரும் சர்வர் மூடப்பட்ட பிறகு, புதிதாக வாங்கியவருக்கு அதனால் பயனில்லை.

அதனால் வாங்குவதற்கு முன் அட்டையைத் திருப்பி, 'டவுன்லோட் தேவை', 'இன்டர்நெட் தேவை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று படியுங்கள். ஸ்விட்ச் 2 கீ கார்டு என்றால் அட்டையின் முன்பக்கம் கீழே சாவிப் படத்தோடு அறிவிப்பு இருக்கும். 'டஸ் இட் ப்ளே' என்ற ஆர்வலர் குழு, எந்த டிஸ்க் நெட் இல்லாமல் முழுதாக ஓடுகிறது என்று சோதித்துப் பட்டியலிடுகிறது. அதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வாங்கிய பிறகு நீங்களே சோதிக்கலாம். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் என்று போய் இன்டர்நெட் இணைப்பை அணையுங்கள். டிஸ்க்கைப் போட்டு இன்ஸ்டால் முடியவிட்டு, ஒரு மணி நேரமாவது விளையாடுங்கள். சில கேம்கள் முதல் கட்டத்தை மட்டும் ஓட்டிவிட்டு, 'மீதியை டவுன்லோட் செய்' என்று நிற்கும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்தினால் அது தெரியாது.

மாடல் விஷயம். நவம்பர் 2023-இல் வெளிவந்த பிஎஸ்5 ஸ்லிம்மில் டிரைவைக் கழற்றி மாட்டலாம். டிரைவ் இல்லாத டிஜிட்டல் ஸ்லிம் வாங்கியவரும் பிறகு டிரைவ் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். 2020-இன் பழைய பிஎஸ்5 டிஜிட்டலில் இது முடியாது, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸிலும் முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் டிஜிட்டல் ஸ்லிம்மையும் பழைய டிஜிட்டலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024-இன் பிஎஸ்5 ப்ரோ டிரைவ் இல்லாமலேயே வந்தது, டிரைவைத் தனியாக வாங்க வேண்டும். அடுத்த தலைமுறையும் இதே பாதையில் போகக்கூடும். அதனால் பட்ஜெட் போடும்போது டிரைவின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

தனி டிரைவை மாட்டியவுடன் கன்சோலோடு ஒருமுறை நெட் மூலம் பதிவு செய்ய வேண்டும். அது முடியாமல் டிஸ்க் ஓடாது. ஏற்காட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், சேலத்திலேயே மாட்டி, பதிவு செய்து, ஒரு டிஸ்க்கை ஓட்டிப் பார்த்துவிட்டு மலையேறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு, சிக்னல் இல்லாத எஸ்டேட்டில் இது தெரியவந்தால் விடுமுறையே வீண்.

பழைய டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பிஎஸ்4 டிஸ்க்குக்குத் தரப்படும் பிஎஸ்5 அப்கிரேடு (அதே கேமின் பிஎஸ்5 பதிப்புக்கு மாறும் வசதி), டிரைவ் இல்லாத கன்சோலில் கிடைக்காது. அலமாரியில் பத்து பிஎஸ்4 டிஸ்க் இருந்தால் டிஜிட்டல் மாடலின் விலைக் குறைவு லாபமே இல்லை.

இனி நெட் கணக்கு. உங்கள் நெட் வேகத்தை எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) எடுத்து 0.45-ஆல் பெருக்குங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜிபி இறங்கும் என்று வரும். 100 எம்பிபிஎஸ் என்றால் 45 ஜிபி. 100 ஜிபி கேம் இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கிவிடும். 40 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை மணி நேரம், 10 எம்பிபிஎஸ் என்றால் 22 மணி நேரம். ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் ஃபைபர் வைத்திருப்பவருக்கு இது ஒரு தொல்லையே இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் 2 ஜிபி பேக்கை நம்பியிருப்பவருக்கு அதே கேம் 50 நாள். வைஃபையில் சொன்ன வேகம் அப்படியே வராது, ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். டவுன்லோடை ரெஸ்ட் மோடில் (கன்சோலின் உறக்க நிலை) விட்டால் கரண்டும் மிச்சம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாதியில் நின்ற டவுன்லோட் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் சிஸ்டம் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் கன்சோலே சிக்கலாகும்.

ஏற்காட்டில் நல்ல நெட் இல்லையென்றால் கன்சோலை அதன் சொந்தப் பெட்டியில் வைத்துக் கீழே சேலத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து, வேண்டியதை இறக்கிக்கொண்டு போவது எளிது. குளிரிலிருந்து சேலத்து வெக்கைக்கு வந்தவுடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் படியும், இரண்டு மணி நேரம் சும்மா வையுங்கள். திரும்பும் முன் செட்டிங்ஸில் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே' இயங்குகிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால், டிஜிட்டலாக வாங்கிய கேம் நெட் இல்லாத இடத்தில் பூட்டுப் படத்தைக் காட்டி நிற்கும்.

டிஸ்க்கின் பெரிய பலம் மறுவிற்பனை. 4,999 ரூபாய்க்கு வாங்கிய கேமை முடித்து 3,000-க்கு விற்றால் செலவு 1,999-தான். டிஜிட்டலில் இந்தக் கணக்கே கிடையாது. ஆனால் தள்ளுபடிக் காலத்தில் ஸ்டோர் விலை மிகவும் இறங்கும், பழைய கேம்களுக்கு அதுவே மலிவு. அவசரப்பட்டு முதல் நாளே வாங்குகிறவர்களுக்கு டிஸ்க், ஒரு வருடம் பொறுக்கிறவர்களுக்கு டிஜிட்டல் என்பது எங்கள் கணக்கு.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துவிடும். வட்டமாக ஓடும் கீறல்தான் ஆபத்து. தகவல் எழுதியிருக்கும் தடத்தோடு அது சேர்ந்தே ஓடுவதால் தொடர்ந்து பல இடம் படிக்க முடியாமல் போகும். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது, சிடியில் 1.2 மில்லிமீட்டர். மேலே கடினப் பூச்சு இருப்பதால் சீக்கிரம் கீறல் விழாது. ஆழமாக விழுந்துவிட்டால் சிடியைப் போல பாலிஷ் போட்டு மீட்க முடியாது. நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துடைப்பதற்கு மென்மையான மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில். சட்டை நுனியால் வட்டமாகத் துடைப்பதுதான் மேலே சொன்ன வட்டக் கீறலை உண்டாக்குகிறது.

ஏப்ரல், மே மாதம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் டிஸ்க்கை விட்டால் வளைந்துவிடும். ஏற்காட்டில் பிரச்சினை வேறு: மழைக்காலத்தில் அட்டைத்தாளிலும் டிஸ்க் மேலும் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு அடுக்குங்கள். நிறம் மாறும் ஜெல் கிடைத்தால் நல்லது, ஆரஞ்சு பச்சையானால் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

டிஜிட்டலில் போகிறவர்கள் காக்க வேண்டியது அக்கவுண்டை. வாங்கிய மொத்தக் கேமும் ஒரே மின்னஞ்சல் முகவரியில் தொங்குகிறது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். பிளேஸ்டேஷன் அக்கவுண்டின் நாட்டை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மாற்ற முடியாது. துபாய் சித்தப்பா அங்கே தொடங்கிக் கொடுத்த அக்கவுண்டில் இந்திய ஸ்டோரின் விலையும் டிஎல்சியும் (கேமுக்குத் தனியாக வரும் கூடுதல் பகுதி) கிடைக்காது. டிஸ்க்குக்கும் இது பொருந்தும்: வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டிஸ்க் ஓடும், டிஎல்சி மட்டும் அந்த நாட்டு அக்கவுண்டில்தான் சேரும். ஸ்டோரில் தவறாக வாங்கிவிட்டால், டவுன்லோட் தொடங்காமல் இருந்தால் 14 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம்.

கன்சோலில் கேம்களைச் சேமிக்கும் இடமும் போதாது. முதல் பிஎஸ்5-இன் 825 ஜிபியில் கைக்குக் கிடைப்பது 667 ஜிபி. உள்ளே மாட்டும் கூடுதல் சேமிப்பான எம்.2 எஸ்எஸ்டி வாங்கும்போது ஜென் 4 வகை, நொடிக்கு 5,500 எம்பி வேகம், ஹீட் சிங்கோடு (சூட்டைக் குறைக்கும் உலோகத் தகடு) சேர்த்து 11.25 மில்லிமீட்டர் உயரத்துக்குள் என்று மூன்றையும் பாருங்கள். யுஎஸ்பி டிரைவில் பிஎஸ்5 கேமைச் சேமிக்கலாம், அங்கிருந்தே ஓட்ட முடியாது. டிஸ்க் கேமும் எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் ஆகித்தான் ஓடும் என்பதால் டிஸ்க் வாங்கினாலும் இந்த இடப் பற்றாக்குறை தீராது. பிஎஸ்5 கேம்களின் சேவ் ஃபைல்களை (விளையாடிய நிலையின் பதிவு) தனியாக யுஎஸ்பியில் எடுக்க பிஎஸ்5 விடாது. பிஎஸ் ப்ளஸ் என்ற கட்டணச் சந்தாவின் கிளவுட் சேமிப்பு இல்லையென்றால் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' மூலம் மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்டோர் ஒரு நாள் மூடும். நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான வீ யூ, 3டிஎஸ் ஸ்டோரில் விற்பனை மார்ச் 2023-இல் நின்றது, எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோரில் ஜூலை 2024-இல். மூடும் தேதி அறிவித்ததுமே வாங்கியவற்றையெல்லாம் இறக்கி வைத்துவிடுங்கள். ஆன்லைனில் மட்டும் ஓடும் கேமுக்கு டிஸ்க்கும் காவல் இல்லை: யூபிசாஃப்ட்டின் தி க்ரூ சர்வர் மார்ச் 31, 2024-இல் அணைந்தபோது டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியவில்லை. அப்படிப்பட்ட கேம்களுக்குத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, முழு விலை கொடுப்பதை நெட் இல்லாமல் ஓடும் டிஸ்க்குகளுக்கு ஒதுக்குங்கள்.