டிடிபி-43 புரதத்தை அடக்கி, அதன் விளைவை ஸ்டாத்மின்-2 வழியே அளப்பது எப்படி

ஏஎல்எஸ் என்னும் இயக்க நரம்புச் சிதைவு நோயால் இறந்தவர்களின் நரம்புச் செல்களுக்குள் திரண்டு கிடப்பது டிடிபி-43 என்னும் புரதம் என்பது 2006ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஏஎல்எஸ் நோயாளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினரிடம் இத்திரள் காணப்படுகிறது. எஸ்ஓடி1, எஃப்யூஎஸ் மரபணுக்களில் பிறழ்வு உள்ளவர்களே பெரும்பாலும் விதிவிலக்கு. இயல்பான செல்லில் உட்கருவுக்குள் இருந்தபடி, ஆர்என்ஏவில் யூ, ஜி என்னும் எழுத்துகள் (வேதி அலகுகள்) மாறி மாறி வரும் இடங்களைப் பற்றிக்கொள்ளும் இப்புரதம், நோயுற்ற செல்லில் உட்கருவை விட்டு வெளியேறிச் சைட்டோபிளாசத்தில் திரள்கிறது. உட்கருவில் அதன் வேலை நின்றுபோவது ஒரு கேடு, வெளியே திரள்வது மற்றொரு கேடு. இங்கே விளக்கப்படும் சோதனை முதல் கேட்டை மட்டுமே செல் வளர்ப்பில் உருவாக்கிக் காட்டும். திரளைப் பற்றி இதிலிருந்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

முதலில் செல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது மனிதச் செல்லாக இருப்பது கட்டாயம். டிடிபி-43 செய்யும் முக்கிய வேலைகளுள் ஒன்று, இன்ட்ரான்களுக்குள் (மரபணுவில் வெட்டி நீக்கப்படும் பகுதிகள்) மறைந்திருக்கும் எக்ஸான் (தக்கவைக்கப்படும் பகுதி) போன்ற துண்டுகள், புரதம் ஆக்குவதற்கான செய்தியைத் தாங்கும் எம்ஆர்என்ஏவில் சேர்ந்துவிடாமல் தடுப்பது என்று 2015இல் காட்டப்பட்டது. இந்த மறை எக்ஸான்கள் உயிரினத்துக்கு உயிரினம் வேறுபடுகின்றன. இச்சோதனையில் அளவுகோலாகும் ஸ்டாத்மின்-2 மரபணுவின் முதல் இன்ட்ரானில் உள்ள 2ஏ என்னும் மறை எக்ஸான் எலியில் கிடையாது. எலி நியூரானில் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. தொடக்கத்துக்கு எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்னும் மனித நரம்புப் புற்றுச் செல்வரிசை போதுமானது. வசதி இருந்தால் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இயக்க நியூரான்கள் மேலும் சிறந்தவை.

அடுத்தது அடக்குதல். டிடிபி-43ஐ ஆக்கும் டிஏஆர்டிபிபி மரபணுவின் எம்ஆர்என்ஏவைக் குறிவைக்கும், வெவ்வேறு எழுத்து வரிசை கொண்ட இரண்டு எஸ்ஐஆர்என்ஏக்களையும் (குறிவைத்த எம்ஆர்என்ஏவை அழிக்கச் செய்யும் சிறு ஆர்என்ஏக்கள்), எதையும் குறிவைக்காத ஒன்றையும் 10 முதல் 20 நானோமோலார் அளவில் செலுத்த வேண்டும். இரண்டும் ஒரே விளைவைத் தந்தால்தான் அது தவறான இலக்கின் விளைவு அல்ல என்று ஓரளவு நம்பலாம். எஸ்ஐஆர்என்ஏவை ஏந்தி இலக்கை வெட்டும் ஆர்கோனாட்-2வும் ஆர்என்ஏ பற்றும் புரதமே; ஓர் ஆர்என்ஏ புரதத்தின் துணையால்தான் இன்னோர் ஆர்என்ஏ புரதத்தை அடக்குகிறோம். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மைக்ரோஆர்என்ஏக்கள் என்னும் செல்லின் சொந்தச் சிறு ஆர்என்ஏக்களை வெட்டிச் சீராக்கும் டிரோஷா, டைசர் ஆகியவற்றின் கூட்டமைப்புகளோடு டிடிபி-43 இணைந்து செயல்படுவதாக 2012இல் காட்டப்பட்டது. எஸ்ஐஆர்என்ஏவுக்குப் பதிலாகக் கொண்டைவடிவ ஆர்என்ஏவை வைரஸ் மூலம் செலுத்தினால் அது பதமாக டைசர் தேவை. ஆகையால் அடக்கும் கருவியே, அடக்கப்படும் புரதத்தைச் சார்ந்ததாகிவிடக்கூடும். ஏற்கெனவே 21 எழுத்து நீளத்தில் தயாரித்த எஸ்ஐஆர்என்ஏ டைசரின் இந்தப் படிநிலையைத் தாண்டிச் செல்வதால், முதல் சோதனைக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

புரதம் மெதுவாகவே குறைவதால், 72 முதல் 96 மணி நேரம் காத்திருந்து செல்களைச் சேகரித்து, ஒரு பகுதியை புரத அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கும் மறுபகுதியை ஆர்என்ஏ பிரித்தெடுப்புக்கும் ஒதுக்க வேண்டும். டிடிபி-43 பட்டை மங்கியிருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது பலரும் செய்யும் பிழை. புரதம் பாதி குறைந்தும் வேலை தடைபடாமல் நடக்கக்கூடும். வேலை நின்றதா என்பதை ஆர்என்ஏதான் சொல்லும்.

அதற்காக ஆலிகோ-டிடி பிரைமரால் (எம்ஆர்என்ஏவின் வாலில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) தயாரித்து, இரண்டு பிசிஆர்களை (டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் வினைகள்) இணையாகச் செய்ய வேண்டும். ஒன்றில் முன் பிரைமர் எக்ஸான் 1இலும் பின் பிரைமர் எக்ஸான் 2ஏயிலும் அமைய வேண்டும். மற்றொன்றில் பின் பிரைமர் வழக்கமான எக்ஸான் 2இல் அமைய வேண்டும். ஜெல்லில் முதல் பிசிஆரைப் பாருங்கள்: கண்ட்ரோல் பாதை ஏறக்குறைய வெறுமையாகவும், டிடிபி-43 அடக்கப்பட்ட பாதையில் தெளிவான பட்டையும் இருக்க வேண்டும். இரண்டாவதில் இதற்கு நேர்மாறாக, அடக்கப்பட்ட பாதையின் பட்டை மங்கும். எக்ஸான் 2ஏக்குள் புரத ஆக்கத்தை நிறுத்தும் குறியும், எம்ஆர்என்ஏவை முடிக்கும் பாலி-ஏ குறியும் இருப்பதால் எம்ஆர்என்ஏ அங்கேயே முடிந்துவிடுகிறது. 17 அமினோ அமிலங்களே கொண்ட துண்டுதான் அதிலிருந்து உருவாக முடியும். நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்சான் மீண்டும் வளரத் தேவைப்படும் ஸ்டாத்மின்-2 புரதம் இவ்வாறு குறைகிறது. ஆர்என்ஏவைச் சிடிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத கண்ட்ரோலைத் தவிர்க்கக் கூடாது.

2022இல் விவரிக்கப்பட்ட யுஎன்சி13ஏ என்னும் இன்னொரு மரபணுவின் மறை எக்ஸானையும் இதே சிடிஎன்ஏவில் தேடலாம். ஆனால் அதைத் தாங்கிய எம்ஆர்என்ஏவைச் செல் விரைவாக அழித்துவிடுவதால் பட்டை மங்கலாகவே வரும். சேகரிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு புரத ஆக்கத்தை நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடு மருந்தைச் சேர்த்தால் அழிப்பு தடைபட்டுப் பட்டை தெளிவடையும். அப்போது கண்ட்ரோல் செல்களுக்கும் அதே மருந்தைக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக மீட்புச் சோதனை. எஸ்ஐஆர்என்ஏவுக்கு அகப்படாதபடி எழுத்துகளை மாற்றிய டிடிபி-43ஐக் குறைந்த அளவில் வெளிப்படுத்தி, மறை எக்ஸான் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். அளவு கூடினால் அப்புரதமே செல்லுக்கு நஞ்சாகும் என்பதால் இதில் அவசரம் கூடாது. கூடவே, 147, 149 ஆகிய இடங்களிலுள்ள பினைல்அலனின் என்னும் அமினோ அமிலங்களை லூசினாக மாற்றி, ஆர்என்ஏவைப் பற்றும் திறனை முடக்கிய வடிவத்தையும் வெளிப்படுத்திப் பாருங்கள்; முதல் வடிவம் பட்டையை அழித்து, இரண்டாவது வடிவம் அதை அப்படியே விட்டுவைத்தால், மறை எக்ஸானைத் தடுத்துவந்தது டிடிபி-43 ஆர்என்ஏவைப் பற்றும் பிடிதான் என்று எழுதலாம்.